நாயகனுக்குள் ஒரு துளி நஞ்சு

தேர்வின் கடைசிச் சுற்று. எதிராளியை அவன் வாயாலேயே தோற்றேன் என்று சொல்ல வைக்க வேண்டும். அடித்துக் கொன்றுவிட்டால் கொன்றவனுக்குத்தான் தோல்வி. ஒரு பக்கம் கோன், தீவொன்றில் மீன்பிடித்து வளர்ந்த பன்னிரண்டு வயதுப் பையன். மறுபக்கம் ஹான்சோ, சிறுவயதிலேயே கொலைத்தொழிலுக்குப் பழக்கப்பட்ட நிஞ்ஜா. மூன்று மணி நேரம் ஹான்சோ அவனைப் புரட்டி எடுக்கிறான். கோன் சொல்ல மறுக்கிறான். கையை முறிக்கிறான். அப்போதும் மறுக்கிறான். காலை வெட்டிவிடுவேன் என்று மிரட்டுகிறான். கால் போவதும் எனக்கு வேண்டாம், தோற்றேன் என்று சொல்வதும் வேண்டாம், வேறு ஏதாவது வழியில் மோதுவோம் என்கிறான் கோன். இந்த நியாயத்தைக் கேட்டு, அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர்கள் இறுக்கம் தளர்ந்து சிரித்துவிடுகிறார்கள். கடைசியில் தோல்வியை ஒப்புக்கொள்பவன் ஹான்சோ. கோனுக்கு அதிலும் திருப்தியில்லை. இப்படி விட்டுக்கொடுத்து முடிப்பது சரியில்லை என்று மறுபடியும் வம்புக்கு வருகிறான். பொறுமையிழந்த ஹான்சோ ஒரே குத்தில் அவனை மயங்க வைத்துவிட்டுப் போகிறான்.

யோஷிஹிரோ தொகாஷி 1998இல் தொடங்கிய ‘ஹண்டர் ஹண்டர்’ மாங்காவிலும், அதிலிருந்து 1999இலும் 2011இலும் வந்த இரண்டு அனிமே தொடர்களிலும் இந்தக் காட்சி இருக்கிறது. சாகச அனிமேயின் நாயகன் எப்படிப்பட்டவன் என்று கேட்பவருக்கு இந்த ஒன்றைப் போட்டுக்காட்டினால் போதும். பலத்தில் குறைந்தவன், பிடிவாதத்தில் கரைகண்டவன், தன்னை அடிப்பவனையே தன் பக்கம் இழுத்துவிடுபவன். ஆனால் இந்தக் காட்சியை நான் முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. இதே பிடிவாதம் பிற்பாடு இதே தொடரில் நம்மைக் கிலிகொள்ள வைக்கிறது. குணம் மாறவில்லை, சூழல்தான் மாறியிருக்கிறது. சாகச நாயகனின் ஈர்ப்பு பலத்திலோ கனவிலோ நட்பிலோ இருப்பதாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். அவனுடைய நல்ல குணமும் அவனால் விளையக்கூடிய கேடும் ஒரே பொருளால் ஆனவை என்று நாம் உணரும்போதுதான் அவன் மனத்தில் ஒட்டிக்கொள்கிறான் என்பது என் கட்சி. அந்தக் கேட்டுக்கு ஆசிரியர் விலை வசூலிக்கிறாரா, வசூலித்தால் யாரிடம் வசூலிக்கிறார் என்பதில்தான் நல்ல தொடரும் சாதாரணத் தொடரும் பிரிகின்றன.

இந்த நாயகர்களில் பெரும்பாலோர் பிறந்த இடம் ஷூஎய்ஷா நிறுவனத்தின் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழ். 1968இல் தொடங்கியது, 1994 இறுதியில் ஒரே இதழ் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டி அச்சாகியது. நட்பு, முயற்சி, வெற்றி என்ற மூன்றும் அதன் தாரக மந்திரம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். மந்திரத்தைவிட முக்கியமானது இதழோடு வரும் அஞ்சலட்டை. அந்த வாரம் பிடித்த மூன்று தொடர்களை வாசகர் குறித்து அனுப்புவார். வரிசையில் கீழே போன புதிய தொடர் பத்து, இருபது வாரங்களில் முடித்துவைக்கப்படும். இந்தச் சூழலில் எழுதுபவர், நாயகனுக்கு என்ன வேண்டும் என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லியாக வேண்டும். ‘ஒன் பீஸ்’ தொடரின் லூஃபி கடற்கொள்ளையர்களின் அரசனாக வேண்டும் என்கிறான். ‘நருட்டோ’ தொடரின் நருட்டோ தன் ஊரின் தலைவனாக வேண்டும் என்கிறான். கோனுக்குத் தன்னைக் குழந்தையிலேயே விட்டுப்போன அப்பாவைக் கண்டுபிடிக்க வேண்டும். கனவு இப்படி உரக்க அறிவிக்கப்படுவது இந்த வகையின் தனிக்குணம் என்று விமர்சகர்கள் வியப்பதுண்டு. வாரந்தோறும் சுமார் இருபது பக்கத்தில் உயிர்பிழைக்க வேண்டிய எழுத்துக்கு வேறு வழியில்லை என்பதே அதன் எளிய காரணம். அறிவித்த கனவு வாசகரை உள்ளே இழுத்துவிடும். பத்து வருடம் உட்காரவைக்க அதற்குத் தெம்பு கிடையாது.

இதைத் தன் தோலில் உணர்ந்தவர் அகிரா தொரியாமா. 1984இல் தொடங்கிய ‘டிராகன் பால்’ முதலில் ஏழு பந்துகளைத் தேடும் பயணக் கதை. சீனத்தின் பழைய ‘மேற்குப் பயணம்’ நாவலில் வரும் குரங்கு வீரனை வைத்து உருவானவன் அதன் நாயகன் கோகு. வாசகர் ஆதரவு சரிந்தபோது, நாயகன் எடுப்பாக இல்லை என்று ஆசிரியர் குழுவின் கசுஹிகோ தொரிஷிமா சொன்னார். இருவரும் உட்கார்ந்து பேசி, கோகுவிடம் மிஞ்சுவது இன்னும் பலசாலியாக வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் என்று கண்டுகொண்டார்கள். கதை தற்காப்புக்கலைப் போட்டியின் பக்கம் திரும்பியது. மீதி எல்லோருக்கும் தெரியும்.

அதன் பிறகு நடந்ததுதான் என் வாதத்துக்கு வேண்டியது. தொலைக்காட்சித் தொடர் கோகுவை நீதிக்காகப் போராடும் உத்தமனாக ஆக்கிவிட்டதில் தொரியாமாவுக்கு மனக்குறை இருந்தது. தான் வரைந்த கோகுவுக்குள் கொஞ்சம் நஞ்சு ஒளிந்திருக்கிறது, அனிமேக்காரர்களுக்கு அதைப் புரியவைக்க முடியவில்லை என்று பிற்காலப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். மாங்காவைத் திறந்து பார்த்தால் அந்த நஞ்சு பட்டவர்த்தனமாகத் தெரியும். பூமியை அழிக்க வந்த வெஜிட்டா குற்றுயிராகத் தவழ்ந்து ஓடுகிறான். அவனைக் கொல்லப் போகும் நண்பனை கோகு தடுக்கிறான். கருணையால் மட்டுமல்ல, இவ்வளவு பலசாலியோடு இன்னொரு முறை மோத வேண்டும் என்ற ஆசையால். செல் என்ற அரக்கனோடு மோதும் இடத்தில் இன்னும் மோசம். தன் மகன் கோஹானைக் களத்தில் இறக்கிவிட்டு, சண்டை சமமாக இருக்கட்டும் என்று களைப்பையும் காயத்தையும் போக்கும் மாயப் பயறை எதிரியிடம் கொடுக்கிறான். உன் மகன் உன்னைப்போலச் சண்டையை விரும்புகிறவன் இல்லை, அடிபடும்போது அப்பா ஏன் வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பான் என்று பிக்கோலோ சீறுகிறான். பிக்கோலோ ஒருகாலத்தில் பூமியின் எதிரி. அந்தப் பையனை வளர்த்ததில் அப்பனைவிட அவனுக்கே பங்கு அதிகம். கோகு விக்கித்துப் போகிறான். சண்டைமேல் அவனுக்கு இருக்கும் அந்தத் தூய, கள்ளமற்ற ஆசையைத்தானே இவ்வளவு நாள் நாம் ரசித்தோம்? அதற்கான விலையை அவன் பிள்ளை கொடுக்கிறான்.

இங்கே எழுத்தில் இல்லாத, அனிமேயால் மட்டுமே முடிந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1986 முதல் கோகுவுக்குக் குரல் கொடுப்பவர் 1936இல் பிறந்த மசாகோ நொசாவா. சிறுவர் பாத்திரங்களுக்குப் பெண்கள் பேசுவது ஜப்பானில் வழக்கம்தான். லூஃபிக்கு 1999 முதல் மயுமி தனாகா. ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ நாயகன் எட்வர்ட் எல்ரிக்குக்கு ரோமி பார்க். முதல் தொடரின் கோனுக்குப் பேசிய ஜுன்கோ தக்கேஉச்சிதான் நருட்டோவும். கோகு விஷயத்தில் நடந்தது விசேஷம். அவன் வளர்ந்து, தோள் விரிந்து, கல்யாணம் செய்து, பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அதே குரல் தொடர்கிறது. மலைபோன்ற உடலிலிருந்து ஒரு பொடியனின் குரல் வருகிறது. வெளிநாட்டு மொழிமாற்றங்களில் அங்கங்கே ஆண்குரல் போட்டார்கள்; அப்போது கோகு வேறு ஆளாகவே ஆகிவிடுகிறான், கம்பீரமான காவலனாக. ஜப்பானியக் குரலில் அவன் கடைசிவரை வளராத பிள்ளை. தொரியாமா சொன்ன நஞ்சு, கதைப்போக்கில் நீர்த்துப்போன இடங்களிலும், அந்தக் குரலில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது.

வளராமை இந்தக் கலைக்குப் பிறவியிலேயே வந்தது என்றுகூடச் சொல்லலாம். 1963 ஜனவரி 1 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கிய ஒசாமு தெசூகாவின் ‘மைட்டி ஆட்டம்’ தொடரில், விபத்தில் இறந்த மகனுக்குப் பதிலாக ஒரு விஞ்ஞானி இயந்திரச் சிறுவனைச் செய்கிறார். இயந்திரம் வளராது என்று உறைத்ததும் அவனைச் சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார். ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேயின் முதல் பெரிய நாயகன், வளராத குற்றத்துக்காகத் தந்தையால் விற்கப்பட்டவன்.

லூஃபிக்கு வருவோம். எய்ச்சிரோ ஓடாவின் ‘ஒன் பீஸ்’ 1997 ஜூலையில் தொடங்கி, நூறு தொகுதிகளுக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. இவ்வளவு நீளத்தில் அவன் சலிக்காமல் இருப்பதற்கு ஓடாவின் ஒரு கட்டுப்பாடு முக்கியக் காரணம்: லூஃபி மனத்துக்குள் என்ன நினைக்கிறான் என்பதை அவர் எழுதிக் காட்டுவதில்லை. மற்றவர்களுக்கு நினைவோட்டம் உண்டு, முன்கதை உண்டு, கண்ணீர் உண்டு. லூஃபி பேசுவான் அல்லது செய்வான். நாமியின் துயரக் கதையை அவள் அக்கா சொல்லத் தொடங்கும்போது, எனக்கு அவளுடைய பழங்கதையில் அக்கறையில்லை என்று எழுந்து உலாவப் போய்விடுகிறான். முதல் பார்வையில் இது திமிர். அதே நாமி கடைசியில் உடைந்துபோய் உதவி கேட்கும்போது, தன் உயிரான வைக்கோல் தொப்பியை அவள் தலையில் வைத்துவிட்டு நடக்கிறான். அவள் கதையைக் கேட்காமலே அவள் பக்கம் நிற்க முடிந்தவன் அவன் ஒருவன்தான். எதிரியின் முன்னால் நின்று தன்னால் ஆகாதவற்றை அடுக்குகிறான்: வாள் சுழற்றத் தெரியாது, கப்பலுக்கு வழிசொல்லத் தெரியாது, சமைக்கத் தெரியாது, பொய் சொல்லவும் வராது. தன் போதாமையை இவ்வளவு பெருமையோடு பட்டியலிடும் தலைவன் எங்கே கிடைப்பான்!

இதுவரை எல்லாம் இனிமை. நஞ்சு எங்கே என்றால், சபாவோடி தீவில். உலகத்தை ஆளும் குலத்தவர்கள் அங்கே அடிமைகளை ஏலம் எடுக்கிறார்கள். என்ன நடந்தாலும் அவர்கள்மேல் கை வைக்காதே, வைத்தால் கடற்படையின் பெருந்தளபதியே வருவான் என்று முன்பே எச்சரிக்கிறார்கள். லூஃபி தலையாட்டியவன்தான். கண்முன்னால் ஒரு நண்பனைச் சுட்டதும் மறந்துவிடுகிறான். இல்லை, மறக்கவில்லை, தெரிந்தே ஓங்கிக் குத்துகிறான். படித்தவர்கள் எல்லோரும் கைதட்டிய குத்து அது. அவன் கூட்டாளிகளும் சிரிக்கிறார்கள், தங்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லையே என்ற வருத்தத்தோடு. அடுத்துப் பெருந்தளபதி வருகிறான். ஒரே நாளில் லூஃபியின் கூட்டம் முழுக்க அவன் கண்ணெதிரே ஒவ்வொருவராக மறைகிறது, அவனால் ஒருவரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. அதற்கடுத்த பெரும்போரில் அண்ணனையும் இழக்கிறான். நண்பனுக்கு ஒன்று என்றால் பின்விளைவு பார்க்காத குணம்தான் நாமியைக் காப்பாற்றியது. அதே குணம்தான் இங்கே எல்லோரையும் சிதறடித்தது. ஆனாலும் அந்தக் குத்து தவறு என்று ஓடா எங்கும் சொல்லவில்லை. விலையைக் கட்ட வைத்தார், மன்னிப்புக் கேட்க வைக்கவில்லை. இந்த வேறுபாட்டை நான் அவருடைய பெரிய கைவரிசையாக மதிக்கிறேன்.

எட்வர்ட் எல்ரிக் விஷயத்தில் வரிசை தலைகீழ். ஹிரோமு அரகாவாவின் ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ 2001இலிருந்து 2010 வரை வந்தது. இறந்த அம்மாவை ரசவாதத்தால் உயிர்ப்பிக்க முயன்று எட்வர்ட் ஒரு காலையும், தம்பி அல்ஃபோன்ஸ் முழு உடலையும் இழக்கிறார்கள். தம்பியின் உயிரை இரும்புக் கவசமொன்றில் கட்டிவைக்க அண்ணன் ஒரு கையையும் கொடுக்கிறான். விலை கட்டி முடித்த பிறகே சாகசம் தொடங்குகிறது. அவன் எதையும் வெல்லப் புறப்படவில்லை, கெடுத்ததைச் சரிசெய்யப் புறப்படுகிறான். அவனுடைய அறிவும் அம்மாமேல் வைத்த பாசமும் சேர்ந்துதான் அந்தக் கேட்டைச் செய்தன. இரண்டில் எதைக் குறை சொல்வீர்கள்? குட்டையன் என்று யாராவது சொன்னால் குதிகுதியென்று குதிக்கும் கோமாளித்தனம் நடுவே வராவிட்டால் இந்தப் பாரத்தை நம்மால் தாங்க முடியாது.

இந்தக் கதைக்கு ஒரு விசித்திர வாய்ப்பும் அமைந்தது. 2003இல் வந்த முதல் அனிமே, மாங்கா முடியாததால், தன் போக்கில் வேறு முடிவுக்குப் போனது. 2009இல் வந்த இரண்டாவது, மூலத்தை ஒட்டியே நடந்தது. முதலாவதில் எட்வர்ட் தம்பிக்காகத் தன்னைக் கொடுத்துவிட்டு, தம்பி இல்லாத வேறொரு உலகத்தில், 1920களின் ஜெர்மனியில் வந்து சேர்கிறான். இரண்டாவதில் தன் ரசவாத ஆற்றல் முழுவதையும் கொடுத்துத் தம்பியின் உடலை மீட்டுச் சாதாரண மனிதனாக வாழப்போகிறான். ஒரே பையன், ஒரே பாவம், இரண்டு தீர்ப்பு. முதலாவதைக் கொடூரம் என்றும் இரண்டாவதை நிறைவு என்றும் ரசிகர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டிலும் எட்வர்ட் நம்மை இழுக்கிறான் என்பதுதான் எனக்கு முக்கியம். முடிவு எதுவானாலும் பாத்திரம் நிற்கிறது. எவ்வளவு கேட்டாலும் தயங்காமல் கொடுப்பான் என்பதை முதல் காட்சியிலேயே நாம் பார்த்துவிட்டோமே.

இதற்கு எதிர்வாதமாக யாரும் தூக்கிக்கொண்டு வரக்கூடிய பெயர் தஞ்ஜிரோ. ‘டீமன் ஸ்லேயர்’ தொடரின் இந்தப் பையனிடம் நஞ்சே கிடையாது. தன் குடும்பத்தைக் கொன்ற அரக்க இனத்தைச் சேர்ந்தவர்கள் சாகும் தறுவாயில்கூட அவர்கள் கையைப் பிடித்துக்கொள்பவன். இருந்தும் 2020இல் வெளியான அவனுடைய ரயில் திரைப்படம், 2001 முதல் ஜப்பானிய வசூல் சாதனையைக் கையில் வைத்திருந்த மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’யை முந்தியது. அதில் யூஃபோடேபிள் நிறுவனத்தின் சித்திர வேலைக்குப் பெரும் பங்கு உண்டு. வாள்வீச்சில் நீரலை எழுவதைப் பார்க்கவே போனவர்கள் பலர். தனி மனிதனாகத் தஞ்ஜிரோ எனக்குச் சற்று வெளிறியவனாகத்தான் தெரிகிறான். ஆனால் கொயோஹரு கொதோகே தந்திரமாக ஒன்று செய்திருக்கிறார். அரக்கர்களைக் கொல்வது தஞ்ஜிரோவின் தொழில். அரக்கியாகிவிட்ட தங்கை நெசுகோவைப் பெட்டியில் வைத்து முதுகில் சுமப்பது அவன் பாசம். அவள் என்றாவது ஒரு மனிதரைத் தின்றுவிட்டால் தாங்கள் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாவோம் என்று அவனுடைய குருவும் இன்னொரு வீரரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது சபையில் வாசிக்கப்படும்போதுதான் தஞ்ஜிரோவுக்கே தெரியவருகிறது. தன் அன்புக்கு அடுத்தவர்கள் உயிரைப் பிணையாக வைத்திருக்கிறார்கள் என்று அறிந்து அழும் அந்த இடத்தில், வெளிறியிருந்த பையனுக்கு ரத்தம் ஏறுகிறது. நஞ்சு முதுகிலுள்ள பெட்டியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சிறுவர் இதழ்களுக்கு வெளியே இந்தச் சிக்கலை முன்பே தொட்டவர்கள் உண்டு. மியாசாகியின் 1984 படத்தில் நௌசிகா பூச்சிகளிடம்கூடக் கனிவாகப் பேசுகிறவள். தந்தையைக் கொன்ற படைவீரர்களைக் கண்டதும் வெறிகொண்டு கொல்கிறாள். பிறகு தன் ரகசியத் தோட்டத்தில், என்னையே எனக்குப் பயமாக இருக்கிறது என்று பெரியவரிடம் அழுகிறாள். அவள் அதன் பின் காட்டும் பொறுமை முழுவதற்கும் அந்தப் பயமே அடித்தளம். அந்தக் கொலைகளை வெட்டிவிட்டால் அவள் வெறும் தேவதை. நஹோகோ உவேஹாஷியின் நாவலிலிருந்து 2007இல் தொடரான ‘மொரிபிதோ’வின் பால்சா முப்பது வயது ஈட்டிக்காரி. அவளைக் காப்பாற்றிய வளர்ப்புத் தந்தைக்கு, துரத்தி வந்த தன் நண்பர்கள் எட்டுப் பேரைக் கொல்ல நேர்ந்தது. அதற்கு ஈடாக எட்டு உயிர்களைக் காப்பேன் என்று அவள் நேர்ந்துகொள்கிறாள். சாகசத்தின் கணக்கை இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்த நாயகி வேறு யாரும் என் நினைவில் இல்லை.

மறுபிறவி எடுத்து மாய உலகில் விழித்து, முதல் அத்தியாயத்திலேயே எல்லா வல்லமையும் பெற்றுவிடும் நாயகர்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக மலிந்துவிட்டார்கள். அவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மிதமிஞ்சிய பலம் அவர்களைக் கெடுக்கவில்லை. என்ன செய்தாலும் அவர்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, அதுதான் சலிப்பு. அந்த வகையிலேயே வந்த ‘ரீ ஜீரோ’வின் சுபாரு விதிவிலக்கு. செத்தால் காலம் பின்னோக்கிப் போய் மறுபடி வாழலாம் என்ற வரம் அவனுக்கு. ஆனால் ஒவ்வொரு சாவின் நினைவையும் அவன் மட்டும் சுமக்க வேண்டும், அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவும் முடியாது.

இனி கோன். ஹான்சோவிடம் அடிவாங்கிய பையன் நெடுந்தூரம் வந்துவிட்டான். எறும்பு அரக்கர்களின் கதை 2011 தொடரில் 76ஆம் அத்தியாயத்தில் தொடங்கி 136இல் முடிகிறது. அதன் தொடக்கத்தில், கோனுக்கு அப்பாவைப் பற்றி முதன்முதலில் சொன்ன கைட் என்ற வீரன், கோனும் அவன் தோழன் கில்லுவாவும் தப்பட்டும் என்று தான் பின்தங்கி, பிட்டோ என்ற அரக்கனிடம் சிக்குகிறான். என் பலவீனத்தால்தான் அவன் மாட்டிக்கொண்டான் என்று கோன் நம்புகிறான். மாதக்கணக்கில் தயாராகி அரண்மனைக்குள் நுழையும்போது அவன் எதிர்பார்த்தது ஒரு கொடூரனை. கண்டது, அடிபட்டுக் கிடக்கும் பார்வையற்ற சிறுமி கொமுகிக்குச் சிகிச்சை செய்துகொண்டிருக்கும் பிட்டோவை. கொஞ்சம் நேரம் கொடு என்று பிட்டோ மண்டியிடுகிறான். நம்பவைக்கத் தன் கையைத் தானே முறித்துக்கொள்கிறான்.

இந்த இடத்தில் ஹான்சோவோடு நடந்ததை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அன்று கை முறிபட்டும் விட்டுக்கொடுக்காதவன் கோன். இன்று இன்னொரு உயிருக்காகக் கையை முறித்துக்கொண்டு தாங்குபவன் அரக்கன். மிரட்டுபவன் கோன். கைட்டுக்கு இல்லாத இரக்கம் இவளுக்கு மட்டும் ஏன், இது அநியாயம் என்று கத்துகிறான். நீ அசைந்தால் இவளைக் கொல்வேன் என்கிறான். அன்று சபையே சிரித்த அதே சிறுபிள்ளை நியாயம்தான்: எனக்கு இது பிடிக்கவில்லை, எனவே இது நடக்கக் கூடாது. இப்போது சிரிக்க யாருமில்லை. தடுக்க வரும் உயிர்த்தோழன் கில்லுவாவிடம், உனக்கு இதில் சம்பந்தமில்லை, அதனால்தான் உன்னால் அமைதியாக இருக்க முடிகிறது என்கிறான். கொலைகாரக் குடும்பத்தில் பிறந்து, கோனின் நட்பினாலேயே மனிதனானவன் கில்லுவா. அவன் முகம் விழும் அந்த நொடி எனக்கு இந்தத் தொடரின் எந்தச் சண்டையையும்விட வலிக்கிறது.

கில்லுவா இல்லாமல் கோன் இல்லை என்று நான் சொல்வது நட்பின் பெருமைக்காக அல்ல. லூஃபியைப் போலவே கோனும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரியாதவன். அவனுடைய ஒளியையும் அந்த ஒளி சுடுவதையும் பார்த்துச் சொல்ல இன்னொரு கண் வேண்டும். தொடரில் மிகப் பெரும்பகுதி நாம் கோனைக் கில்லுவாவின் முகத்தில்தான் படிக்கிறோம்: வியப்பு, பொறாமை, பிறகு கவலை. கோகுவுக்குப் பிக்கோலோ செய்ததும், எட்வர்டுக்கு முகமே இல்லாத இரும்புக் கவசத்துக்குள்ளிருந்து தம்பி செய்வதும் இதே வேலை.

கைட்டை மீட்கவே முடியாது என்று தெரிந்த பிறகு, வாழ்நாள் முழுக்க அடைந்திருக்கக்கூடிய வலிமை அனைத்தையும் ஒரே நொடியில் வரவழைத்துக்கொள்கிறான் கோன். 131ஆம் அத்தியாயம். சின்னப் பையன் இருந்த இடத்தில், தலைமயிர் வானளாவ எழுந்த ஓர் ஆண் நிற்கிறான். ஷோனென் எனப்படும் சிறுவர் கதைகளில் நாயகன் கோபத்தில் புதுவடிவம் எடுப்பது பழகிப்போன விருந்து. ரசிகர்கள் எழுந்து நின்று கூவும் இடம். தொகாஷி அதையே எடுத்துத் துக்கக் காட்சியாக்கிவிட்டார். பிட்டோவின் தலை நசுங்கும்வரை குத்துபவனைப் பார்த்து நமக்கு வெற்றி உணர்வு வருவதில்லை. இன்னும் பலசாலியாக வேண்டும் என்ற ஆசையைத் தொரியாமா காலத்திலிருந்து கொண்டாடி வந்த இதழிலேயே, அந்த ஆசை முழுதாக நிறைவேறினால் பையன் என்னவாவான் என்று காட்டிவிட்டார். கோன் கருகிய விறகுபோல் மருத்துவமனையில் கிடக்கிறான். அவனைப் பிழைக்கவைக்க அலையும் பொறுப்பும் கில்லுவாவின் தலையில்தான் விழுகிறது.

2014 செப்டம்பரில் 148ஆம் அத்தியாயத்தோடு அனிமே முடியும்போது, உயிர்பிழைத்த கோன் உலக மரத்தின் உச்சியில் அப்பா ஜின்னைச் சந்தித்துவிடுகிறான். முதல் அத்தியாயத்தில் அறிவித்த ஆசை நிறைவேறிவிட்டது. மாங்கா அதன் பிறகும் நீண்ட இடைவெளிகளோடு தொடர்கிறது, கோனின் இன்னொரு தோழன் குராபிகாவையும் ஒரு பெருங்கப்பலையும் மையமாக வைத்து. கோன் ஊர் திரும்பிவிட்டான். நென் என்னும் உயிராற்றல் அவன் கண்ணுக்கே தெரிவதில்லை. ஜம்பின் நாயகன் ஒருவன் ஆற்றலை இழந்தால், சில வாரங்களில் ஒரு குருவைத் தேடிப் போய்ப் பயிற்சி எடுத்து முன்னைவிடப் பலமாகத் திரும்பி வருவது வழக்கம். தொகாஷி அந்தப் பயிற்சியை இதுவரை எழுதவில்லை.